மேகத்தில் ஐஸ் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் தரவில் மேக ஐஸைத் தேடும்போது யூடிசி நேரத்தையும் (உலகப் பொது நேரம்) இந்திய நேரத்தையும் குழப்புவது, கெல்வினை செல்சியஸாக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வரைபடம் கோணலாக வந்து அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும். படம் அழகாக வந்து நம்மை ஏமாற்றுகிற தவறுகள்தான் புதியவர்களைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கின்றன.

வெப்பநிலையைப் பார்த்து ஐஸ் என்று முத்திரை குத்துவது

மேகத்துளி 0 டிகிரியில் உறைந்துவிடாது. உறைவதற்குப் பாலைவனத் தூசி மாதிரி ஏதாவது ஒரு கரு வேண்டும். அது கிடைக்காத துளி சுமார் -38 டிகிரி வரைகூடத் திரவமாகவே மிதக்கும். கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். ஆனால் நிரல் எழுத உட்கார்ந்ததும் மறந்துபோகும்.

நடப்பது இதுதான். லைடார் (லேசர் ஒளியை அனுப்பி, மேகத்தில் பட்டுத் திரும்புவதை அளக்கும் கருவி) தரவில் நீரா ஐஸா என்று தெளிவில்லாத இடங்கள் நிறைய வரும். அங்கெல்லாம் இஆர்ஏ5 (அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் கலந்து தயாரித்த தரவு) வெப்பநிலையை எடுத்து, '-20-க்குக் கீழே ஐஸ்' என்று நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் அதே தரவை வைத்து, வெப்பநிலை குறையக் குறைய ஐஸின் பங்கு எப்படிக் கூடுகிறது என்று வரைகிறார்கள்! ஒரு மாணவி கொண்டுவந்த கோடு -20-இல் படிக்கட்டு போல எகிறியிருந்தது. தூசி அந்த வெப்பநிலையில்தான் வேலையைத் தொடங்குகிறது என்று இரண்டு பக்க விளக்கம் வேறு. நிரலைத் திறந்தால் 253.15 என்ற எண் உட்கார்ந்திருந்தது, அதாவது கெல்வினில் எழுதிய அதே -20. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே போயிற்று.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது அடுத்த கட்டம். தென்பெருங்கடல் மேகங்களைப் காலநிலையைக் கணக்கிடும் பல கணினி மாதிரிகள் அளவுக்கு மீறி ஐஸாக்கிவிட்டன. நிஜத்தில் அங்கே உறையாத நீர்த்துளிகள் ஏராளம். அவை வெயிலை நன்றாகத் திருப்பியனுப்பும். அதனால் கடல் உண்மையைவிட அதிக வெயிலை வாங்குவதாக மாதிரிகள் கணக்குப் போட்டன. இதைத் திருத்த உதவுவது நேரடி அளவீடுதான். அந்த அளவீட்டையே வெப்பநிலை வைத்து நிரப்பினால், மாதிரி சொன்னதை மாதிரியிடமே திருப்பிச் சொல்கிறோம். 'நன்றாகப் பொருந்துகிறது' என்று முடிவுரையும் எழுதிவிடலாம்.

தெளிவில்லாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே குறியுங்கள். அதற்குத் தனி நிறம் கொடுத்து வரையுங்கள்.

டீபோலரைசேஷன் குறைவு, ஆகவே நீர்

திரும்பிவரும் லேசர் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அதிரும் திசை) எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே டீபோலரைசேஷன். உருண்டை நீர்த்துளி அதை மாற்றாது, ஐஸ் படிகம் மாற்றும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அவசரப்படாதீர்கள். கிடையாக மிதக்கும் தட்டைப் படிகங்கள் நேர்செங்குத்தாக வரும் லேசர் ஒளியைக் கண்ணாடி மாதிரி திருப்பும், முனைவாக்கம் மாறாது. 2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளில் இந்தத் தொல்லை இருந்ததால்தான், 2007 நவம்பரில் லைடாரின் சாய்வை 0.3 டிகிரியிலிருந்து 3 டிகிரியாக்கினார்கள். இதற்கு நேர்மாறாக, அடர்ந்த நீர்மேகத்தில் ஒளி பலமுறை சிதறி டீபோலரைசேஷன் ஏறும். பின்சிதறலையும் (எவ்வளவு ஒளி திரும்பிவருகிறது என்பதையும்) சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

சிக்னல் நின்ற இடத்தில் மேகமும் முடிந்தது என்பது

ஒளியியல் தடிமன் (மேகம் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) 3-ஐ ஒட்டி லைடார் குருடாகிவிடும். அவ்வளவுதான்.

மெல்லிய சிரஸின் பிரகாச வெப்பநிலை

சிரஸ் என்பது உயரத்தில் இருக்கும் ஐஸ் மேகம். அதன் பிரகாச வெப்பநிலை, அதாவது செயற்கைக்கோளை எட்டும் வெப்பக் கதிரிலிருந்து கணக்கிடுவது, மேக உச்சியின் வெப்பநிலை அல்ல. கீழேயுள்ள சூடான தரையும் அதில் கலந்திருக்கிறது.

ரேடாரை மட்டும் நம்புவது

அலைநீளத்தைவிடத் துகள்கள் மிகச் சிறியவையாக இருக்கும்வரை, எதிரொலி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். விட்டம் 10 மடங்கானால் எதிரொலி 10 லட்சம் மடங்கு. ஆகவே கலப்பு மேகத்தில் நாலைந்து பெரிய படிகங்களே கோடிக்கணக்கான நீர்த்துளிகளை மறைத்துவிடும். மேகம் முழுக்க ஐஸ் என்று தோன்றும். அந்தத் துளிகளைக் காட்டுவது லைடார். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேரில் இரண்டும் ஒரே செயற்கைக்கோளில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு வந்து உட்காருவதற்கு இனி சாக்கு இல்லை.