கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லி, யூசிஎல்ஏ: முதல் செமஸ்டரிலேயே கவனிக்க வேண்டியது

கலிஃபோர்னியாவில் இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) பெர்க்லி, யூசிஎல்ஏ வளாகங்களுக்கு மாற நினைப்பவர்களில் பலர் சறுக்குவது மதிப்பெண்ணில் அல்ல, பாட வரிசையில்தான். அங்கே மூன்றாம் ஆண்டில் சேர, பாடங்களின் அளவைக் குறிக்கும் யூனிட் கணக்கில் 60 செமஸ்டர் யூனிட் (குவார்ட்டர் முறையில் 90) வேண்டும். அதில் ஆங்கிலப் பாடம் இரண்டு, கணிதப் பாடம் ஒன்று கட்டாயம். ஆனால் யூனிட் நிரம்பினால் மட்டும் போதாது. இந்த இரு வளாகங்களும், குறிப்பாகப் பொறியியலிலும் கணினி அறிவியலிலும், மேஜருக்கான, அதாவது முதன்மைத் துறைக்கான, முன்பாடங்கள் முடிந்தனவா என்றுதான் முதலில் பார்க்கும்.

அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் கல்லூரி, சேர விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற பட்டியல் கிடைக்கும். வளாகத்துக்கு வளாகம் அது மாறும், தனித்தனியாகப் பாருங்கள். கால்குலஸ் 1, 2, பல மாறி கால்குலஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். ப்ரீகால்குலஸில் தொடங்கினால் ஒரு செமஸ்டர் போச்சு. அதை முதல் கோடையிலேயே ஈடுகட்டிவிடுங்கள். சேர்வதற்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் எல்லாம் முடிய வேண்டும், கடைசிக் கோடை உதவாது.

டேக் எனப்படும் இட உத்தரவாதம் பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவில் கிடையாது. யூசியின் மற்ற ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு டேக் விண்ணப்பத்தைச் செப்டம்பரில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். பெர்க்லிக்கு விண்ணப்பிக்க அது தடையில்லை. ஜனவரியில் இலையுதிர் செமஸ்டர் மதிப்பெண்களைப் புதுப்பிக்கும் படிவம் வரும். தவறவிடாதீர்கள்.