சவுதிக்குப் போகிற பிள்ளைகளுக்கு: போனை அரபு பேச வைப்பது எப்படி

“யக்கா, அரபி ஒண்ணும் தெரியாம எப்படிச் சமாளிச்சிய?”

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வருகிற நர்சிங் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஒன்பது வருஷம் சவுதியில் வார்டு பார்த்தேன். டாக்டர்களோடு பேச ஆங்கிலம் போதும். கட்டிலில் கிடக்கிற பாட்டிக்கு அரபு மட்டுந்தான். நடுவில் போன்.

போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப்பில் தமிழ்–அரபு என்று வைக்காதீர்கள். ஆங்கிலம்–அரபு வையுங்கள். நம்ம ஊர்ப் பேச்சை அது சரியாகப் பிடிக்காது. ஆங்கிலம்–அரபு ஜோடிக்குப் பின்னால் நெடுநாள் உழைப்பு இருக்கிறது. ஈராக் போர்க் காலத்திலேயே, சிப்பாயும் ஊர்க்காரரும் அவரவர் மொழியில் பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு அமெரிக்க ராணுவத்தின் டார்பா அமைப்பு பணம் போட்டது. கூகுள் 2006-இல் தன் சொந்த மொழிபெயர்ப்பு முறையைத் திறந்தபோது முதலில் விட்டதும் அரபு–ஆங்கிலந்தான்.

போன் பெரும்பாலும் மூன்று காரியம் செய்கிறது. கேட்டதை எழுத்தாக்கும், எழுத்தை மொழிபெயர்க்கும், பிறகு வாய்விட்டுச் சொல்லும். நான் பார்த்த தப்புகளில் முக்கால்வாசி முதல் படியில் நடந்தவை. ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு ராத்திரி டியூட்டி. ஆபரேஷன் முடிந்த பாட்டியிடம் வலி இருக்கிறதா என்று போன் வழியாகக் கேட்டேன். ஏசி இரைச்சல். பாட்டி மெல்லச் சொன்னாள், “மா ஃபீ அலம்.” ‘இல்லை’ என்று ஆக்குவதே அந்த ‘மா’தான்; போன் அதை விட்டுவிட்டது. ‘ஃபீ அலம்’ என்றால் வலி இருக்கிறது. திரையில் ஆங்கிலத்திலும் அப்படியே வந்தது. ஊசி போடக் கேட்டு டாக்டருக்கு போன் செய்ய எழுந்தபோது, துணைக்கு இருந்த மகள் கையை ஆட்டி “மாஃபி, மாஃபி” என்றாள். கல்ஃபில் இருந்து வந்த மாமா இருக்கிற எந்த வீட்டிலும் ‘மாஃபி’ தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் காதை விட்டுவிட்டுத் திரையை நம்பிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு படபடக்கும்.

அதனால், இரண்டு பேர் பேச்சையும் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஆங்கில மைக்கை நீங்கள் அழுத்திப் பேசுங்கள். பிறகு அரபு மைக்கை அழுத்தி, போனை அவர்கள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். நீங்கள் பேசியது திரையில் ஆங்கிலத்தில் சரியாக விழுந்திருக்கிறதா என்று படித்த பிறகே ஸ்பீக்கரைத் தட்டுங்கள். ‘ஃபிஃப்டீன்’ நம் வாயில் ‘ஃபிஃப்டி’யாக விழும். எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அதிலும் கவனம்: அரபு எழுத்தில் 5 நம் சுழியம் மாதிரி வட்டமாக இருக்கும், சுழியம் வெறும் புள்ளி.

வாக்கியம் குட்டியாக இருக்கட்டும். “இஸ் தேர் பெயின்?” என்று கேட்பதுதான் நல்லது. “டூ யூ ஃபீல் பெயின்?” என்றால் ஆங்கிலத்தில் ஆண் பெண் தெரியாது, போன் ஆணிடம் பேசுகிற ‘தஷ்உர்’ என்று போட்டுவிடும். பாட்டியிடம் ‘தஷ்உரீன்’ என்றல்லவா கேட்க வேண்டும்! ‘வலி இருக்கிறதா’ என்று மாற்றிக் கேட்டால் அந்தச் சிக்கலே வராது.

இன்னொரு தொல்லை அரபிலேயே இருக்கிறது. போன் பேசுவது செய்தி வாசிப்பவரின் அரபு. பாட்டி பேசுவது வீட்டு அரபு. ‘இப்போது’ என்பதற்குப் புத்தகத்தில் ‘அல்ஆன்’, வளைகுடாவில் ‘அல்ஹீன்’, எகிப்துக்காரர் வாயில் ‘தில்வஅத்தி’. ‘வேண்டும்’ என்பது புத்தகத்தில் ‘உரீது’, வளைகுடாவில் ‘அபீ’, எகிப்தில் ‘ஆயிஸ்’. போன் சொல்வது அவர்களுக்கு ஓரளவு புரிந்துவிடும். அவர்கள் சொல்வதுதான் போனுக்குத் தடுமாறும். ஆகவே ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியாகவே கேளுங்கள். ‘ஐவா’, ‘லா’ இரண்டையும் பிடிக்க உங்கள் காதே போதும். கூடவே தலையசைப்பையும் பாருங்கள்.

மருந்தின் அளவு, ஒவ்வாமை, ஆபரேஷன் கையெழுத்து: இவற்றுக்குப் போன் கூடவே கூடாது. ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் சரி. வார்டில் போன் எடுக்கலாமா என்று முதல் நாளே சூப்பர்வைசரிடம் கேட்டுவிடுங்கள். நோயாளியின் பேரையும் ஃபைல் நம்பரையும் அதில் சொல்லவே சொல்லாதீர்கள்.

இங்கிருந்து கிளம்பும் முன் வைஃபையில் அரபு, ஆங்கில மொழிக் கோப்புகளை இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு எது வேலை செய்கிறது என்று பாருங்கள். எழுத்து மொழிபெயர்ப்பு ஓடும். பேச்சு ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மேலப்பாளையத்திலிருந்து, ஜித்தாவில் இருபது வருஷம் குடும்பம் நடத்திய ஒரு பெரியம்மா வந்து பாட்டியாக உட்கார்ந்து அரபு பேசுவாங்க. ஃபேனை ஐந்தில் வைத்துத்தான் பழக்குவேன்; ‘மா’ விழுகிறதா என்று நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.