வெள்ளைத்தாளில் கிளைகாலிசிஸ்

உயிர்வேதியியல் செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறதா? நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். புத்தகத்தை மூடி வைத்து, கிளைகாலிசிஸில், அதாவது செல் குளுக்கோஸை உடைக்கும் பாதையில், குளுக்கோஸ் தொடங்கி பைருவேட் வரை 10 படிகளையும் எழுதிப் பாருங்கள். முதல் தடவை மூன்றாவது படியிலேயே மாட்டிக்கொள்வீர்கள், பரவாயில்லை. விட்டதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள் காலையில் புதுத்தாள், மறுபடியும் முதலிலிருந்து.

பத்துக்கும் ஒரே அளவு உழைப்பு வேண்டாம். ஹெக்சோகைனேஸ், பாஸ்போஃபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் என்ற என்சைம்கள் வேலை செய்யும் மூன்று படிகளும் ஒருவழிப் பாதை. கட்டுப்பாடு நடப்பது அங்கேதான், ஆகவே கேள்வியும் அங்கேதான் விழும். ஓரத்தில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கணக்கையும் போடுங்கள்: முதல் பாதியில் 2 செலவு, இரண்டாம் பாதியில் 4 வரவு, கையில் நிற்பது 2. நான்காவது படியில் ஆறு கார்பன் சர்க்கரை இரண்டு துண்டாக உடைகிறது. அதனால் பின்பாதியில் எல்லாமே இரண்டிரண்டு. இதை மறந்துதான் பலர் கணக்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

அப்புறம் என்சைம் தடுப்பான்கள். போட்டித் தடுப்பான் என்றால் கேஎம் (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான வினைப்படுபொருளின் செறிவு) கூடும், விமேக்ஸ் (என்சைமின் உச்ச வேகம்) மாறாது. ஏன்? வினைப்படுபொருளை நிறையக் கொட்டினால் அது தடுப்பானை நெருக்கித் தள்ளி இடம் பிடித்துவிடும். இந்தக் காரணத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் வரைபடம் தானாக வரும்.

20 அமினோ அமிலங்களை பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். மேஜை நேரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.