எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா?

பையன் பெயருக்கு வீட்டை எழுதி வைத்தாயிற்று, இப்போது அவன் ஒரு வேளை சோறு போடுவதில்லை, பத்திரத்தை ரத்து செய்யலாமா? வக்கீலிடம் ஓடுவதற்கு முன் பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள், பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

மனசு மாறிவிட்டது, மகன் மரியாதை கொடுக்கவில்லை என்பதெல்லாம் காரணமாகாது. 1882-ம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவு இரண்டு வழிதான் விடுகிறது. ஒன்று, இன்னது நடந்தால் தானம் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்தது) ரத்தாகும் என்று இருவரும் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அந்த நிகழ்வும் கொடுத்தவரின் இஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இன்னொன்று, ஏமாற்றியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இதற்கு சிவில் கோர்ட்டில்தான் வழக்கு, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள். தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டு வரலாம் என்று பத்திர ஆபீஸ் வாசலில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கோர்ட்டில் நிற்காது.

உங்களுக்கு 60 வயது ஆகியிருந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டம், 23-வது பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். வாங்கியவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அண்ணன் மகனாக இருந்தாலும் சரி. சிக்கல் அந்த நிபந்தனையில்தான். அது இருந்ததாக நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவர் வழக்கில், மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் பார்த்து, சொத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆகவே பத்திரத்தில் 'அன்பினால்' என்று மட்டும் இருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம், கடிதம், வாட்ஸ்அப் செய்தி, சாட்சி என்று கையில் உள்ள எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். உத்தரவு வந்ததும் பத்திர ஆபீஸில் அதைப் பதிந்து வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

தள்ளிப் போட மட்டும் செய்யாதீர்கள், விவரம் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து அந்த வீட்டை வாங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு.

இன்னும் எழுதிக் கொடுக்கவில்லையா? அப்படியானால் 'என் ஆயுள் வரை நானே அனுபவிப்பேன், என்னைப் பராமரிக்காவிட்டால் இது ரத்தாகும்' என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் 'சொந்தப் பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்' என்பார். கேட்காதீர்கள்.