மணிச்சத்தை மேலே தூவாதீர்கள்: டி.ஏ.பி.யில் நாம் செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் திருமங்கலம் பக்கம் சொந்தக்காரர் காட்டுக்குப் போயிருந்தேன். வேலையை விட்டு ஊர் திரும்பிய அவர் மகன், 30 நாள் மக்காச்சோளத்துக்குள் அன்னக்கூடையை இடுக்கிக்கொண்டு டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தைத் தூவிக்கொண்டிருந்தான். "இப்பப் போயி எதுக்குப்பா டி.ஏ.பி.?" என்றேன். "நாலு நாள்ல கருகருன்னு வந்துரும் மாமா" என்றான். 15 வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே பதில். அதனால்தான் இதை எழுதுகிறேன். அளவுக்கு மேல் போடுவது, மழைக்கு முன்னால் போடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வளர்ந்த பயிருக்கு மேலுரமாக டி.ஏ.பி. போடுவது

தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஓடாது. விழுந்த இடத்திலிருந்து ஒரு விரல்கடை தூரம் நகர்ந்தாலே அதிகம். கரிசலில் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். போட்டதில் கால் பங்குகூட முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது அபூர்வம். மிச்சம் எங்கும் போய்விடாது, மண்ணுக்குள் பூட்டிக்கொண்டு கிடக்கும்.

அன்றைக்கு ஒரு செடியைக் களைக்கொத்தால் தோண்டிக் காட்டினேன். வேர் ஒரு முழம் கீழே போயிருந்தது. மேல் இரண்டு அங்குல மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. உரம் விழுந்தது அந்தக் காய்ந்த மண்ணில்தான். காய்ந்த மண்ணிலிருந்து வேர் எதையும் உறிஞ்சாது. கீழ் இலைகளின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் ஓடியிருந்தது. அது மணிச்சத்துக் குறையின் அடையாளம். வேர் சின்னதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வாரத்தில் கிடைத்திருக்க வேண்டியதை 30-ஆம் நாளில் மேலே தூவி ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் பயிர் ஏன் கரும்பச்சையாகிறது? எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. பயிர் கருப்பது அந்த 9 கிலோவால். அதே 9 கிலோ, 20 கிலோ யூரியாவிலும் இருக்கிறது. அதற்கு 120 ரூபாய்கூட ஆகாது. நாமோ 1,350 ரூபாய் மூட்டையைப் பிரித்து, 23 கிலோ மணிச்சத்தைக் காய்ந்த மண்ணில் விட்டுவிட்டு, "டி.ஏ.பி. நல்லா வேலை செய்யுது" என்று ஊரெல்லாம் சொல்கிறோம்.

பணம் போவதோடு முடிந்தாலும் பரவாயில்லை. வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் நெல் வயலில் நடும் முன் அடியுரமாகவும் பிறகு மேலுரமாகவும் வருடா வருடம் டி.ஏ.பி. போட்டுவந்தேன். ஒரு வருடம் நட்ட மூன்றாவது வாரத்தில் பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகி, இலையில் துருப்புள்ளி விழுந்தது. உரக்கடையில் கேட்டால் இன்னொரு மூட்டை டி.ஏ.பி. போடச் சொன்னார்கள். போட்டேன், இன்னும் மோசமானது. அறுப்பில் பாதிகூடத் தேறவில்லை. பிறகுதான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தாலே அதிகம் என்பார்கள். என் வயலில் அதைப்போல இரண்டு மடங்கு. குறைந்திருந்தது துத்தநாகம். மணிச்சத்து மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைக்காமல் போகும். அடுத்த போகத்தில் டி.ஏ.பி.யை நிறுத்தி, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினேன். பயிர் தேறியது.

மணிச்சத்து முழுவதும் அடியுரமாகவே போகட்டும். மானாவாரிக் கரிசலில் விதைக்கும் சாலிலேயே, விதைக்குப் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் தள்ளி, இரண்டு அங்குலம் கீழே விழவேண்டும். விதையோடு ஒட்டி விழுந்தால் முளை கருகும். இன்னும் நல்ல வழி, ஏக்கருக்கு 300 கிலோ மட்கிய தொழு உரத்தில் சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தைக் கலந்து, ஈரப்பதத்தோடு குவித்து மூடி, ஒரு மாதம் வைத்திருந்து போடுவது. சாணத்தோடு சேர்ந்த மணிச்சத்தை மண் அவ்வளவு சீக்கிரம் பூட்டாது. ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் பயிர் தனிச் செழிப்பாக நிற்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் உண்டா? அந்தப் புழுக்கையிலும் மணிச்சத்து இருக்கிறது.

துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலப்பது

கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும்.

கரிசலில் பாறை பாஸ்பேட்

வேண்டாம். அது மணிச்சத்துள்ள பாறையின் தூள், அமில மண்ணில்தான் கரையும்.

பாஸ்போபாக்டீரியாவை உரத்தோடு கலந்து தூவுவது

அது பூட்டிய மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர். ரசாயன உரத்தோடு சேர்த்தால் செத்துப்போகும். மட்கிய எருவில் கலந்து சாயங்காலம் போடுங்கள்.

நெல் விளைந்ததே என்று உளுந்தையும் அப்படியே விடுவது

தண்ணீர் கட்டிய வயலில் காற்று போகாது. அப்போது இரும்பு தன் பிடியைத் தளர்த்தும், பூட்டிக்கிடந்த மணிச்சத்து கொஞ்சம் வெளியே வரும். அதனால் நெல் சமாளித்துக்கொள்ளும். அறுத்துக் காய்ந்ததும் இரும்பு மறுபடியும் பிடித்துக்கொள்ளும். தரிசில் விதைத்த உளுந்துக்கு அடியுரம் போடவும் வழியில்லை. டி.ஏ.பி.யை மேலே கொடுக்க ஏற்ற இடம் இது, அதுவும் மண்ணில் அல்ல, இலையில். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் ராத்திரியே ஒரு வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் தெளிவை மட்டும் துணியில் வடித்து, 200 லிட்டராக்கி வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை. வாளி அடியில் தங்கும் கசடைத் தெளிப்பானில் ஊற்றினால் முனை அடைத்துக்கொள்ளும், அதை எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.