பிங்க் ஃப்ளாய்டை எந்த வரிசையில் கேட்பது?

1965-இல் லண்டனில் உருவான பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழு, 2014 வரை 15 ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டிருக்கிறது. புதிதாகக் கேட்க வருபவர்களில் சிலர் புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பு ஒன்றைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் முதல் ஆல்பத்திலிருந்து ஆண்டு வரிசைப்படி தொடங்கி, மூன்றாவதிலோ நான்காவதிலோ சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் தொகுப்பைத்தான் கேட்டேன். பாடல்கள் பிடித்திருந்தன, ஆனால் ஒரே குழு ஏன் இத்தனை விதமாக ஒலிக்கிறது என்பது விளங்கவில்லை. பாட்டெழுதும் பொறுப்பு குழுவின் முதல் பாடகர் சிட் பாரெட்டிடம் தொடங்கி, அவர் போன பிறகு வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வருக்கும் பொதுவாகி, அதன்பின் ரோஜர் வாட்டர்ஸிடம் குவிந்து, கடைசியில் டேவிட் கில்மோரிடம் வந்து சேர்ந்தது என்பதை அறிந்த பிறகே இந்தக் குழுவின் வரலாறு எனக்குப் பிடிபட்டது. அந்தக் கைமாற்றத்தைக் காதாலேயே பின்தொடர உதவும் வரிசை ஒன்றை இங்கே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன், பாட்டுக் கேட்கும் செயலியில் ஷஃபிள் (பாடல்களின் வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவர்களுடைய பல பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழைவதால், வரிசை கலைந்தால் பாதிப் பொருள் போய்விடும். ஒவ்வொரு பாடலையும் யார் எழுதினார், யார் பாடினார் என்ற விவரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது 1971-இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் இசைத்தட்டில் இரண்டாம் பக்கம். அந்தப் பக்கம் முழுவதும் 23 நிமிடங்களுக்கு மேல் நீளும் 'எக்கோஸ்' என்ற ஒரே படைப்பு. அது ஒற்றை ஒலியுடன் தொடங்குகிறது: ரிச்சர்ட் ரைட் பியானோவின் மேல்ஸ்தாயிக் கட்டை ஒன்றைத் தட்ட, அந்த ஒலி சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வருவதால், நீருக்கடியிலிருந்து எழுவதுபோல் நடுங்கிக் கேட்கிறது. ரைட்டும் கில்மோரும் சேர்ந்து பாடுவதையும், நால்வரில் யாரும் மற்றவரை மறைக்காமல் வாசிப்பதையும் கவனியுங்கள். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் பொம்பேயில், பார்வையாளர் எவருமில்லாத பழைய ரோமானிய அரங்கில் இதை வாசித்த படப்பதிவு இருக்கிறது; அதைப் பார்த்தால் எந்த ஒலி யார் கையிலிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும்.

அடுத்தது 1973-இன் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973-க்கும் 1988-க்கும் இடையில் 741 வாரங்கள் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் இருந்த ஆல்பம் இது. இதில் 'மனி' பாடலின் தொடக்கத்தை மட்டும் மூன்று முறை கேட்கச் சொல்வேன். நாணயங்களின் ஓசையையும் கல்லாப்பெட்டியின் ஓசையையும் ஒலிநாடாவில் பதிந்து, நாடாவை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டுத் தாளம் அமைத்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்துக்குக் கைதட்டிப் பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கில்மோரின் கிட்டார் தனியாக எழும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறுவதை எண்ணிப் பாருங்கள். வரிகள் அனைத்தையும் வாட்டர்ஸே எழுதிய முதல் ஆல்பமும் இதுதான். கைமாற்றம் இங்கே தொடங்கிவிட்டது.

பிறகு 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்'. இதன் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் நீண்ட படைப்பு, மனநலம் குன்றி 1968-இல் குழுவைவிட்டுப் பிரிந்த பாரெட்டைப் பற்றியது. 1975 ஜூன் 5 அன்று, ஆல்பத்துக்கான பணி நடந்துகொண்டிருந்த ஆபி ரோடு ஸ்டூடியோவுக்குப் பாரெட்டே வந்து நின்றார். உடல் பருத்து, தலையும் புருவமும் மழிக்கப்பட்டிருந்த அவரை நண்பர்களால் முதலில் அடையாளம் காண முடியவில்லை. ஆல்பம் தேய்ந்து மறையும் கடைசி நொடிகளில் ஒலியைச் சற்றுக் கூட்டிவையுங்கள். பாரெட் 1967-இல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாடலின் மெட்டுத் துணுக்கை ரைட் மெல்ல வாசிக்கிறார்.

அதைக் கேட்டதும் 1967-க்குத் திரும்புங்கள். 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' என்ற முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் பாரெட் எழுதியவை. பூனை, சைக்கிள், குள்ளர்கள் என்று குழந்தைமையும் விசித்திரமும் கலந்த உலகம் அது. எடுத்த எடுப்பில் இதைக் கேட்பவர்களுக்கு விளையாட்டுத்தனமாகப் படலாம். இழப்பை முன்பே கேட்டுவிட்டு வருபவர்களுக்கு அந்தக் குரல் வேறு விதமாகக் கேட்கும் என்பதாலேயே இதை நான்காவதாக வைக்கிறேன். 1968-இன் இரண்டாவது ஆல்பத்தில் பாரெட் எழுதிய கடைசிப் பாடலை மட்டுமாவது கேளுங்கள். 1969, 1970 ஆல்பங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'அனிமல்ஸ்' (1977), 'தி வால்' (1979), 'தி ஃபைனல் கட்' (1983) ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். எழுதியவர் விவரம் மிகவும் உதவுவது இங்கேதான். 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் ரைட்டின் பெயர் எழுதியவராக ஓரிடத்திலும் இல்லை. கில்மோருக்கு ஒரே ஒரு பாடலில் பங்கு. 1977 ஜூலையில் மான்ட்ரியல் நிகழ்ச்சியில் ரசிகர் ஒருவர்மீது எச்சில் உமிழும் அளவுக்குச் சினந்த வாட்டர்ஸ், தனக்கும் கூட்டத்துக்கும் இடையில் எழுந்துவிட்ட சுவரை உணர்ந்ததிலிருந்து பிறந்தது 'தி வால்'. அதன் பதிவுக் காலத்தில் ரைட் நீக்கப்பட்டு, மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 'தி ஃபைனல் கட்' உறையிலோ, வாட்டர்ஸ் எழுதியது, பிங்க் ஃப்ளாய்ட் வாசித்தது என்றே அச்சாகியிருந்தது. 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போரில் இறந்த தந்தைக்கு அவர் செலுத்திய அஞ்சலி அது. எனக்கு அதன் வரிகள்மீது மதிப்புண்டு. ஆனால் ரைட் இல்லாத வெற்றிடம் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது.

1985-இல் வாட்டர்ஸ் விலகினார். குழுவின் பெயருக்கான சட்டப் போராட்டத்துக்குப் பிறகு கில்மோரும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 1987-இன் ஆல்பத்தை ஒருமுறை கேட்டால் போதும். 1994-இன் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்: குழுவுக்குத் திரும்பியிருந்த ரைட், 1973-க்குப் பிறகு முதன்முறையாக அதில் முதன்மைக் குரலில் பாடுகிறார்.

கடைசியாக, 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த லைவ் 8 இசை நிகழ்ச்சியின் படப்பதிவைப் பாருங்கள். 1981-க்குப் பிறகு வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான்; பாரெட்டின் பெயரை வாட்டர்ஸ் அன்று மேடையில் நினைவுகூர்ந்தார். பாரெட் 2006-லும் ரைட் 2008-லும் காலமானார்கள். 1993, 1994-இல் ரைட்டுடன் வாசித்து எஞ்சியிருந்த பதிவுகளைக் கொண்டு கில்மோரும் மேசனும் உருவாக்கிய 2014-இன் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பத்தை அதற்குப் பிறகு, ஹெட்ஃபோனில், ரைட்டின் கீபோர்டை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.