டெலிவரிக்குப் புதுசா? வாசலில் சங்கடம் வந்தால் இப்படிச் செய்யுங்கள்

சென்னையில் பார்சல் டெலிவரிக்குப் புதிதாகச் சேரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது பெட்ரோல் செலவும் இன்சென்டிவும்தான். ஆனால் முதல் வாரத்திலேயே ஆளைச் சோர்ந்துபோக வைப்பது வாசலில் நிற்கும் அந்த இரண்டு நிமிடம். ஓடிபி வராது, சில்லறை இருக்காது, "நான் ஆர்டரே போடலையே" என்பார்கள். நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: தெருமுனையிலேயே போன் பண்ணுங்கள்

பாதிச் சங்கடம் இங்கேயே தீர்ந்துவிடும். ஒரே போனில் மூன்றையும் சொல்லிவிடுங்கள்: "மேடம், பார்சல் கொண்டுவந்திருக்கேன், 640 ரூபாய் கேஷ் ஆன் டெலிவரி, ஓடிபி எந்த நம்பருக்கு வரும்?" அப்படியே கதவு எண்ணையும் கேளுங்கள். இங்கே பழைய எண், புது எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண் இருக்கும், 12/5 என்று மட்டும் போட்டிருந்தால் எது எது என்று தெரியாமல் தெருவை இரண்டு முறை சுற்ற வேண்டிவரும்.

படி 2: பணம் வரும்வரை பார்சல் உங்கள் கையில்

ஒரு மழை நாளில், வேளச்சேரியில், ஒருவர் போனைத் திருப்பிக் காட்டினார், பச்சை டிக் தெரிந்தது, நானும் நனைந்துகொண்டே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பணம் வரவே இல்லை. 1,180 ரூபாய் என் கையிலிருந்து கட்டினேன். அதிலிருந்து அடுத்தவர் போனில் தெரியும் டிக்கை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, என் ஆப்பில் 'பணம் வந்தது' என்று காட்ட வேண்டும். அவர் கணக்கில் பணம் கழிந்தும் நமக்கு வராமல் நிற்பதும் உண்டு, அதனால் எடுத்தவுடன் ஏமாற்றுக்காரர் என்று நினைக்காதீர்கள். "சார், உங்களைச் சந்தேகப்படல, என் ஆப்பில் காட்டினால்தான் எனக்கு முடியும்" என்று சொல்லி, அவருடைய 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் காத்திருங்கள். வரவில்லையென்றால் ஹப்புக்கு, அதாவது நாம் பார்சல் எடுத்துவரும் கிடங்குக்கு, போன் போட்டுக் கேட்காமல் பார்சலைக் கொடுக்கக் கூடாது.

படி 3: ஓடிபி

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மடிப்பாக்கத்தில் ஒரு பாட்டி தனியாக இருந்தார், பெங்களூரில் இருக்கும் மகன் மிக்ஸி வாங்கி அனுப்பியிருந்தார், ஓடிபியும் அந்த மகன் போனுக்குத்தான் போயிருந்தது. பாட்டி கதவுச் சங்கிலியை எடுக்காமலே, "யாருக்கும் நம்பர் சொல்லக் கூடாதுன்னு பையன் சொல்லியிருக்கான்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் இரண்டு படி கீழே இறங்கி நின்று, பெட்டியின் லேபிளில் இருந்த மகன் பெயரை வாசித்துக் காட்டி, "பாட்டி, நீங்களே உங்க பையனுக்குப் போன் பண்ணுங்க, நான் நிக்கிறேன்" என்றேன். ஐந்து நிமிடம் ஆனது. மகன் அம்மாவிடம் எண்ணைச் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னார்.

ஓடிபியைச் சொன்னால் பார்சல் கிடைத்துவிட்டதாகப் பதிவாகிவிடும், அதனால் பார்சலைக் கண்ணால் பார்க்காமல் யாரும் எண் சொல்லத் தேவையில்லை. பெட்டியை அவர்கள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கேட்டால் பயம் குறையும். வாசலில் ஒரு குழந்தை மட்டும் இருந்தால் உள்ளே எட்டிப் பார்க்காமல், தள்ளி நின்று, பெற்றோருக்குப் போன் பண்ணுங்கள்.

படி 4: "பிரிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்"

ஆப்பில் ஓப்பன் பாக்ஸ் என்று இருந்தால் நீங்களே முன்னால் நின்று பிரித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் முடியாது என்று முதலிலேயே, குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் 'வாங்க மறுத்தார்' என்று போட்டுவிட்டுத் திரும்புங்கள், வாக்குவாதம் செய்யும் நேரத்தில் அடுத்த இரண்டு வீட்டை முடித்துவிடலாம்.

படி 5: ஆள் இல்லை

"மீட்டர் பெட்டியில் வச்சிட்டுப் போங்க", "பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க" என்பார்கள். போனில் சொன்னது நாளைக்கு நிற்காது, அதையே மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். வைத்தபின் கதவு எண்ணும் பார்சலும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். வாங்கிக்கொண்டவர் பெயரையும் கேட்டு, படி இறங்குவதற்குள் ஆப்பில் ஏற்றிவிடுங்கள், நாற்பது வீடு முடிந்த பிறகு எந்த அக்கா எந்த வீடு என்று நினைவிருக்காது.